நினைக்கவும் கூடாது

தொலைக்காட்சியை அணைத்த கையோடு அதன் கண்ணாடிக்குப் பக்கத்தில் முழங்கையைக் கொண்டுபோனால் ரோமமெல்லாம் எழுந்து நிற்கும். காதை வைத்துக் கேட்டால், சட்டியில் கடுகு வெடித்து அடங்கும்போது கேட்பதுபோல ஒரு சின்னப் படபடப்பு கேட்கும். பெட்டியின் முதுகிலிருந்து சூடான தூசியின் வாசம் வரும். சனிக்கிழமைகளில் அந்த நாடகம் முடிந்ததும் நானும் ஈஸ்வரியும் போட்டி போட்டுக்கொண்டு கையை நீட்டுவோம். யாருக்கு அதிகமாகச் சிலிர்க்கிறதோ அவளுக்குத்தான் 'சக்தி' என்பது எங்கள் கணக்கு. பெரும்பாலும் ஈஸ்வரிதான் ஜெயிப்பாள், அவள் கையில் ரோமம் கொஞ்சம் அதிகம்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு நாகல் நகரில் இருந்தது. அப்பா லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தார். கேபிள்காரர் புதிதாகக் கொடுத்த சின்னச் சேனல் ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு வாரம் ஒரு முறை அந்த நாடகம் வந்தது. அதன் நிஜப் பெயர் ஏதோ நீளமாக இருக்கும். மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிற கதை என்பதால் எங்களுக்கு அது 'மலை நாடகம்'. அதில் வருகிற மித்ரா என்ற பிளஸ் ஒன் மாணவிக்கு ஒரு விசேஷம் உண்டு. சாகக் கிடக்கிறவர் கையை அவள் பிடித்தால் அவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் யாரைப் பிழைக்க வைத்தாளோ அவரை அவள் அடியோடு மறந்துபோவாள். பிடிக்கிற நேரத்தில் அவள் உள்ளங்கை நீலமாக ஒளிரும். அந்த நீலம் பல சமயம் கையைவிட்டு விலகிப் பக்கத்துச் சுவரில் ஒளிரும், அப்படி ஒரு கிராஃபிக்ஸ். எங்களுக்கு அதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. "பேயப் பாத்துட்டுப் போயி பரிச்சையில பேமுழி முழிக்கப் போற" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

பார்ப்பது சனிக்கிழமை என்றாலும் எங்களுக்கு நாடகம் முடிவது திங்கட்கிழமை மத்தியானம்தான். பள்ளியில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் நாலு படிகள் இருந்தன. அங்கே டிபன் பாக்ஸ்களைத் திறந்து வைத்து, ஒருத்தியின் தொடுகறியை, எங்கள் பேச்சில் 'வெஞ்சனத்தை', இன்னொருத்தி எடுத்துத் தின்றுகொண்டு, ஒவ்வொரு காட்சியாகப் பிரித்துப் பேசுவோம். நாங்கள் நாலு பேர். ஜெயசீலியின் அம்மா ஒரு நர்ஸ். அதனால் நாடகத்தில் குளுக்கோஸ் பாட்டில் தலைகீழாக இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். சபீனாவின் அப்பாவுக்குத் தோல் வியாபாரம். வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பதால் பாதி வசனம் அவள் காதில் விழாது, அதை நாங்கள் நிரப்பவேண்டும். மூன்றாவது ஈஸ்வரி. நான்காவது நான். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. வாராவாரம் என்ன நடந்தது, யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள், அடுத்து என்ன நடக்கும் என்றெல்லாம் அதில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு கையில் இருந்ததால் படிகளில் என் பேச்சுக்குத் தனி மரியாதை இருந்தது. வகுப்பில் எதிலும் முதலாக வராத எனக்கு அது பெரிய விஷயம்.

ஈஸ்வரியின் ஊர் வத்தலக்குண்டுப் பக்கம் சேவுகம்பட்டி. அப்பா வாழை போடுகிறவர். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகச் சேர்த்திருந்தார்கள். பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எங்கள் தெருவிலேயே இருந்த அவளுடைய சித்தி அழைத்து வந்து எங்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார். அவள் சித்தி என்று கூப்பிடுவதால் நானும் சித்தி என்றே கூப்பிடுவேன். சித்தி வீட்டில் ஏழரைக்குச் சித்தப்பா செய்தி பார்ப்பார் என்பதால் ஈஸ்வரி சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். பஸ் சின்னாளப்பட்டி தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றும் என ஒரு முறை சொன்னாள். அதைத் தவிர அம்மாவைப்பற்றி அதிகம் பேசமாட்டாள். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸின் மூடிக்குள் அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, நாடகத்தில் மித்ராவின் அம்மா பஸ் விபத்தில் அடிபட்டார். மித்ரா மலையிலிருந்து ஓடி வருகிறாள். கையைப் பிடித்தால் அம்மா பிழைப்பார். அம்மா யாரென்றே இவளுக்குத் தெரியாமல் போகும். அரைமணி நேரமும் அவள் அந்தக் கட்டில் அருகில் கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாகவே போனது. கடைசியில் பிடித்துவிட்டாள். அம்மா கண்ணைத் திறந்து "மித்ரா" என்கிறார். மித்ரா ஒரு அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்கிறாள். அதோடு 'தொடரும்'. ஈஸ்வரி கண்ணாடிப் பக்கம் கையை நீட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை படிகளில் பேச்சு சூடாக இருந்தது.

"பெத்த அம்மாவப் போயி மறப்பாளா? ஜெபம் பண்ணியிருந்தாலே சரியாயிருக்கும்," என்றாள் ஜெயசீலி.

"கொஞ்ச நாளைக்குத்தான் அப்பிடி இருக்கும். அந்த வாட்ச்மேன் தாத்தாவ மறந்தாள்ல, அது மாதிரி. பெறகு எல்லாம் ஞாபகம் வந்துரும் பாரு," என்றாள் சபீனா.

வாட்ச்மேன் தாத்தா மூன்றாவது வாரம் வந்த பாத்திரம். மித்ரா அவரைப் பிழைக்க வைத்து மறந்துபோனாள். பிறகு ஒரு நாள் அவரை எங்கோ பார்த்ததுபோல உற்றுப் பார்த்தாள். அடுத்த வாரம் அவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அந்த இரண்டையும் முடிச்சுப் போட அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. சபீனா சொன்னதை மறுக்க வேண்டும் என்ற ஆசையில் நோட்டைத் திறந்து, பக்கத்தைத் தட்டிக் காட்டி, "ஞாபகம் வந்தா அம்மா செத்துருவாங்க. அதான் ரூல். வாட்ச்மேனுக்கு ஏன் திரும்பக் காய்ச்சல் வந்துச்சுன்னு நெனக்கிறீங்க?" என்றேன்.

மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

ஈஸ்வரி அதுவரை சாப்பிடாமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மதுரைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அம்மாவின் கால் வீங்கி, தொட்டால் குழி விழுகிறது என்று காலையில் சொல்லியிருந்தாள். அவள் தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள்.

"பாக்காம இருந்தாப் போதுமா? இல்ல நெனக்கவும் கூடாதா?"

"நெனக்கவும் கூடாது," என்றேன். நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் நாடகத்தைப்பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"மறந்தா என்ன. இருந்தாப் போதும்ல," என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

அடுத்த சனிக்கிழமை அந்த நேரத்தில் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டார்கள், நாடகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். சித்தப்பா மட்டும் மதுரைக்குப் போனார். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பிய்த்து எடுத்த படத்தை என் கையில் வைத்தாள். மூலையில் கோந்து காய்ந்து உரிந்திருந்தது.

"இத நீ வச்சிரு. எங்கிட்ட இருந்தா பாக்கத் தோணுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஏ, லூசு. அது நாடகம்டி. நான் சும்மா அடிச்சு விட்டேன்," என்றேன்.

"இல்ல. நேத்து எங்கம்மா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாங்களாம். சித்தப்பா சொன்னாரு. காலு வீக்கம்கூட கொஞ்சம் வத்தியிருக்காம்," என்று அவள் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதினாலு வயதில் இதையெல்லாம் முழுதாக நம்பவும் முடியாது, முழுதாகத் தள்ளவும் முடியாது. நான் வற்புறுத்தி அவளை மதுரைக்கு அனுப்பி, அதற்கப்புறம் அவள் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படத்தை வாங்கி என் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நாடகத்தில் மித்ராவுக்கு ஞாபகம் திரும்பி, அம்மாவும் நன்றாக இருந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் சனிக்கிழமைக்காகக் காத்திருந்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் காத்திருந்ததில்லை.

சனிக்கிழமை ஏழரைக்குப் பெட்டியைப் போட்டால் அந்தச் சேனலின் எண்ணில் வெறும் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவைத் தொந்தரவு செய்து கேபிள்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் சேனல எடுத்துட்டாங்க பாப்பா. இனிமே வராது," என்றார். கதை என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு அவரும் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் ஈஸ்வரி மதுரைக்குப் போகவில்லை. இந்த முறை வயிற்று வலி என்றுகூடச் சொல்லாமல், வரமாட்டேன் என்றாள். சித்தியின் குரல் எங்கள் வீடு வரை கேட்டது. "பெத்தவ அங்கன கெடக்கா, இவளுக்கு அம்புட்டு வீம்பு. யாரு கொடுத்த கொழுப்பு இது?" இரண்டு அடியும் விழுந்தது. அன்றைக்கு நான் என் அம்மாவிடம் போய், "அம்மா, நாடகத்துல வர்ற மாதிரி நெசத்துல நடக்குமா?" என்று கேட்டேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, "பாத்துப் பாத்து மூள கொழம்பிப் போச்சு. சேனல் போனதும் நல்லதுக்குத்தான். போயி படி," என்றார். இதற்குமேல் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வழி தெரியவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டு நானும் ஈஸ்வரியும் சேர்ந்து வந்தபோது சித்தி வீட்டு வாசலில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து மண் காய்ந்த வேட்டியோடு மதுரைக்குப் போய், அங்கிருந்து நேராக வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாயி, அம்மா உன்னயக் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டு வந்துரு."

ஈஸ்வரி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நா வரலப்பா."

"ஏன் தாயி?"

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காரணத்தைச் சொன்னாலே அது அம்மாவை நினைத்ததாகிவிடும் என்று அவள் பயந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து அவள் தோளைத் தொட்டார், கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அவள் கம்பியை விடவில்லை. சித்தி உள்ளேயிருந்து வந்து அடிக்கக் கை ஓங்கியபோது அவர் தடுத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் சொல்லு பாப்பா. நீ சொன்னாக் கேப்பா."

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். போ என்று சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை அது. அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு ஹோம்வொர்க் இருக்கு," என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர் மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் சித்தப்பா வந்து ஈஸ்வரியை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது புத்தகப் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

என் அம்மாவோடு நானும் சேவுகம்பட்டிக்குப் போனேன். ஈஸ்வரி அழவில்லை. தன் அம்மாவின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து நின்றாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு," என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அவளுக்கும் கேட்டிருக்கும். கடைசி மூச்சு வரைக்கும் அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை யாரோ விவரித்துக்கொண்டிருந்தார்கள். மாலை போடுவதற்குப் படம் வேண்டும் என்று தேடினார்கள். கல்யாணப் படம் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. எனக்கு உடனே ஒரு பெரிய விடுதலை கிடைத்ததுபோல் தோன்றியது. பையிலிருந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தேன்.

"இது உங்கிட்ட எப்பிடி?"

"ஈஸ்வரிதான் வச்சுக்கச் சொன்னா."

உண்மையைத்தான் சொன்னேன். அதைச் சொன்னால் அவளுக்கு ஒரு உதவி என்றும் நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பெற்ற தாயின் படத்தைக்கூட யார் கையிலோ கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு வாசல் பந்தலைத் தாண்டும் முன்பே நாலு விதமாக மாறிவிட்டது. அவள் அப்பா அந்தப் படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்க்காமல் வெளியே போனார்.

நான் ஈஸ்வரி பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்: "அன்னிக்கு அப்பா வந்தப்ப எனக்கு அம்மா மொகம் ஞாபகம் வந்துருச்சுடி. அடக்கிப் பாத்தேன். முடியல."

அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கப் பயமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தேன். என் அம்மா வந்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் பள்ளிக்குத் திரும்பவில்லை, வத்தலக்குண்டில் சேர்ந்துவிட்டாள். ஜெயசீலிக்கும் சபீனாவுக்கும் நான் எதையும் சொல்லவில்லை. ஈஸ்வரி ஏன் அப்படிச் செய்தாள் என்று அவர்கள் படிகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு காரணம் சொன்னபோது நான் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். நோட்டை என்ன செய்தேன் என்று நினைவில்லை. கிழித்தேனா, பழைய பேப்பரோடு போனதா, தெரியாது.

வருடங்கள் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவளை ஒரு முறை பார்த்தேன். ஒட்டன்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவருக்குக் காய்கறி மண்டியில் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சபீனாவை விசாரித்தாள், ஜெயசீலியை விசாரித்தாள். நான் திக்கித் திணறி, "ஈஸ்வரி, அந்த நாடகம்..." என்று ஆரம்பித்தேன். "அது எதுக்குடி இப்ப," என்று சிரித்தாள். கோபம் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். என் மகளும் அவள் தோழிகளும் கைபேசியில் ஏதோ பேய்த் தொடர் பார்க்கிறார்கள். பார்த்து முடித்த அடுத்த நிமிடமே இருபது பேர் சேர்ந்து எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் அவள், "நான் சொல்றேன் பாரு, அவ செத்தாத்தான் மத்தவங்க பொழைப்பாங்க. அதான் ரூல்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை இணையத்தில் மலை நாடகத்தைத் தேடினேன். ஒரு படம்கூட இல்லை. நடித்த அந்தப் பெண் யார், கதையை எழுதியவர் மித்ராவுக்கு என்ன முடிவு வைத்திருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியொரு சேனல் இருந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் நாகல் நகருக்குப் போனேன். தெருவில் பாதி வீடுகள் மாடிக் கட்டடங்களாகிவிட்டன. சித்தி வீடு மட்டும் பக்கச் சுவரில் விரிசலோடு அப்படியே இருந்தது. சித்தப்பா இப்போது உயிரோடு இல்லை. நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாடகத்தை, படிகளை, நான் சொன்ன ரூலை, கஞ்சி குடித்ததை, படத்தை. வயதான ஒருவருக்கு இதெல்லாம் புரியுமா என்று பயந்தேன். அவருக்குப் புரிந்தது. நான் முடிப்பதற்குள்ளேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்பிடியா கெடந்தா அவ," என்றார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா," என்றார். திட்டுகிற குரல் இல்லை அது.

"அவங்கப்பாவப் போயிப் பாத்துச் சொல்லிட்டு வாரேன் சித்தி. அதுக்குத்தான் வந்தேன்."

"மச்சான் போயிச் சேந்தே ஒரு வருசமாச்சே. கடைசி வரைக்கும் அவ வீட்டுல கை நனைக்கலயே அந்த மனுசன். பேத்தியப் பாப்பாரு, வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துருவாரு. நானும் நாலு பேரு மத்தியில அவளக் கல்நெஞ்சுக்காரின்னுதான் சொல்லியிருக்கேன். அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்து என்னிடம் கொடுத்து, ஈஸ்வரி நம்பரைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. அந்தப் பக்கம் ஈஸ்வரியின் குரல், "சொல்லுங்க சித்தி" என்றது. பின்னால் மண்டியில் யாரோ ஏலம் கூவுவது கேட்டது. சித்தி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன் சித்தி. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

"அங்க மழையா?"

"இல்ல," என்றார் சித்தி. அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லவும் இல்லை. ஈஸ்வரியும் ஏனென்று கேட்காமல், கைபேசியை வைக்காமல், அந்தப் பக்கம் காத்துக்கொண்டே இருந்தாள்.